தோல் மடலின் நுனியும் ஓசோன் வாயுவும்

லாரி மோதி முழங்காலுக்குக் கீழே சதை பெயர்ந்து, எலும்பு வெளியே தெரியும் நிலையில் வருபவருக்கு வெறும் தோல் ஒட்டு போதாது. தொடையிலிருந்து மெல்லியதாகச் சீவி எடுக்கும் அந்தத் தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. எந்த இடத்தில் ஒட்டுகிறோமோ அந்த இடம்தான் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். மேலுறை இழந்த எலும்பாலும் தசைநாணாலும் அது முடியாது. அங்கே தேவைப்படுவது தோல் மடல், அதாவது தன் ரத்தக் குழாயோடு சேர்த்தே இடம் மாற்றப்படும் தோலும் அடித்திசுவும். பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் எல்லோரும் அதை ‘ஃப்ளாப்’ என்றே சொல்வார்கள். விபத்துக் காயம், வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், படுக்கைப் புண், நசுங்கிய விரல் நுனி என்று அது பயன்படும் இடங்கள் பல.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்திருக்கும். ஆனாலும் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ மடலின் நுனி நீலமாகி, பிறகு கருத்துவிடும். கருகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் மூட வேண்டும். எலும்பில் போட்ட பிளேட் வெளியே தெரிந்தால் தொற்று புகும். புற்றுநோயாளிக்குக் கதிர்வீச்சு தள்ளிப்போகும். இந்த நுனியைக் காப்பாற்ற மருந்துகளும் வாயுக்களும் பல சோதிக்கப்பட்டுள்ளன. மருத்துவ ஓசோன் அவற்றில் ஒன்று. ஆதரிப்போர் அதை அற்புதம் என்கிறார்கள், எதிர்ப்போர் மோசடி என்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன: மடல் எந்தக் காரணத்தால் சாகிறது? அதைப் பிரித்துப் பார்த்தால்தான் ஓசோனுக்கு இடம் எங்கே உண்டு, எங்கே இல்லை என்று சொல்ல முடியும்.

மடலைக் காத்தது உடற்கூற்று அறிவு

கன்னத்துத் தோலைத் திருப்பி மூக்கு அமைக்கும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. 1794இல் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ புனேயில் நடந்த ஓர் அறுவையைப் படத்தோடு வெளியிட்டது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி, திப்பு சுல்தானுடன் நடந்த போரில் பிடிபட்டு மூக்கு அறுக்கப்பட்டவர். நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்திருந்தார்கள். அதைப் படித்த அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்து, 1816இல் நூலாக வெளியிட்டார். அந்த நெற்றி மடல் பிழைத்ததற்குக் காரணம், புருவங்களுக்கு நடுவே விட்டுவைத்த காம்பில் ஒரு தமனி ஓடியதுதான்.

இந்தக் காரணம் தெளிவாகப் புரிய வெகுகாலம் ஆயிற்று. மடலின் நீளம் அகலத்தைப் போல இத்தனை மடங்குதான் இருக்கலாம் என்ற கணக்கு நெடுங்காலம் வேதவாக்காக இருந்தது. 1970இல் மில்டன் என்ற அறுவை மருத்துவர் பன்றிகளில் செய்த சோதனை அதை உடைத்தது. அகலத்தைக் கூட்டுவதால் மடல் நீளமாகப் பிழைப்பதில்லை, உள்ளே எந்தக் குழாய் ஓடுகிறது என்பதே முக்கியம் என்று அவர் காட்டினார். 1973இல் மெக்கிரிகரும் மார்கனும் மடல்களை இரண்டாகப் பிரித்தார்கள். பெயருள்ள தமனி நடுவே ஓடுபவை ஒரு வகை. தோலுக்கடியில் உள்ள நுண்வலையை மட்டும் நம்பியிருப்பவை இன்னொரு வகை. 1987இல் டெய்லரும் பால்மரும் ஒவ்வொரு தமனியும் உடலில் எவ்வளவு பரப்புக்கு ஊட்டமளிக்கிறது என்று வரைபடமே போட்டார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பணியாற்றிய வெங்கடசுவாமியும் சுப்பிரமணியனும் 1980இல் வெளியிட்ட முக்கோண விரல்நுனி மடல் இன்றும் அவர்கள் பெயராலேயே அறியப்படுகிறது. அதன் பலமும் விரல் தமனியைக் கூடவே எடுத்துச் செல்வதில்தான் இருக்கிறது.

ஓசோனை எடைபோடும்போது இந்த வரலாறு நினைவில் இருக்க வேண்டும். மடல் பிழைக்கும் வாய்ப்பைப் பெரிய அளவில் கூட்டியது ரத்தக் குழாய் பற்றிய அறிவு. மருந்துகளின் பங்கு அதற்குப் பிறகு மிஞ்சிய ஓரத்தில்தான்.

இரண்டு வகைச் சாவு

மடல் சாவதற்கான காரணங்கள் இரண்டு தரத்தவை. முதல் தரம் குழாய்ப் பிரச்சினை. காம்பு முறுக்கிக்கொள்வது, கட்டு இறுகுவது, அடியில் ரத்தம் கட்டுவது, நுண்ணோக்கியின் கீழ் தைத்து இணைத்த சிரையில் உறைகட்டி அடைப்பது எல்லாம் இதில் அடங்கும். தமனி அடைப்பைவிடச் சிரை அடைப்பே அதிகம். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில் வரும். அதனால்தான் முதல் நாள் முழுவதும் மணிக்கொரு தடவை செவிலியர் மடலைப் பார்க்கிறார். விரலால் அழுத்தி எடுத்தால் சுமார் இரண்டு விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். வெளிறிப்போய், சில்லிட்டு, நிறம் திரும்பத் தாமதமானால் தமனியில் கோளாறு. ஊதா நிறத்தில் வீங்கி, அழுத்தி எடுத்ததும் சட்டென்று நிறம் திரும்பினால் சிரையில் கோளாறு. ஊசியால் குத்தினால் கருஞ்சிவப்பு ரத்தம் பொலபொலவென்று வரும். இந்தக் குழாய்ப் பிரச்சினைகளுக்கு மருந்து கிடையாது. தையலைப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் நோயாளியை மீண்டும் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாம் தரம் நுனிப் பிரச்சினை. குழாய் திறந்தே இருக்கும், ஆனால் கடைசிச் சில சென்டிமீட்டருக்கு ரத்தம் போதிய அழுத்தத்தில் போய்ச் சேராது. மடலைத் தூக்கும்போது நரம்பிழைகள் அறுபட்டு நார்அட்ரினலின் கசிவதால், முதல் ஒன்றிரண்டு நாட்கள் நுண்குழாய்கள் சுருங்கிக் கிடக்கும். அக்கம்பக்கத்துப் பரப்புகளை இணைக்கும் குறுகிய குழாய்கள் விரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அடித்தளத்திலிருந்து புதுக் குழாய்கள் முளைக்க மேலும் சில நாள். அதுவரை நுனி பட்டினி தாங்க வேண்டும். ரத்தம் திரும்பி வரும்போதும் சிக்கல் உண்டு. ஆக்சிஜனோடு சேர்ந்து பிறக்கும் ‘ஃப்ரீ ராடிக்கல்’களும், திரண்டுவரும் வெள்ளணுக்களும் நுண்குழாய்ச் சுவரைச் சிதைக்கும். மறுஓட்டச் சேதம் எனப்படுவது இதுதான். ஓசோன் பற்றிய வாதம் முழுவதும் இந்த இரண்டாம் தரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

ஆக்சிஜன் ஊட்டமா, சமிக்ஞையா?

வேதியியலாளர் ஷோன்பைன் 1839-40இல் ஓசோனை இனங்கண்டார். 1857இல் வெர்னர் வான் சீமென்ஸ் மின்னிறக்கத்தால் அதை உண்டாக்கும் குழாயை அமைத்தார். முதல் உலகப்போரில் புரையோடிய காயங்களுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். 1916இல் ‘லான்செட்’ இதழில் ஸ்டோக்கர் என்ற மருத்துவர் இந்த அனுபவத்தை எழுதினார். 1935இல் எர்வின் பேயர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாநாட்டில் ஓசோனுக்காகப் பேசினார். பிறகு ஜெர்மனியில் ஹான்ஸ் வோல்ஃப், இத்தாலியின் சியெனாவில் வேலியோ போச்சி, ஹவானாவில் கியூபாவின் ஓசோன் ஆய்வு மையம் என்று இந்த மரபு வளர்ந்தது.

மருத்துவ ஓசோன் என்பது தூய ஓசோன் அல்ல. அதில் 95 முதல் 99 சதவீதம் ஆக்சிஜன், 1 முதல் 5 சதவீதம்தான் ஓசோன். 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 40 நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும் என்பதால் சிலிண்டரில் அடைத்து வைக்க முடியாது, அந்தந்த நேரம் உண்டாக்கிப் பயன்படுத்த வேண்டும். கொடுக்கும் வழிகள் பல. நோயாளியின் ரத்தத்தைச் சுமார் 100 முதல் 200 மில்லி எடுத்து, வாயுவோடு கலந்து திரும்ப ஏற்றலாம். மலக்குடல் வழியே செலுத்தலாம். கை காலைப் பைக்குள் அடைத்து வாயுவை நிரப்பலாம். ஓசோனேற்றிய எண்ணெயைப் பூசலாம்.

‘ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஊட்டுகிறோம்’ என்பதுதான் விளம்பரங்களில் அடிக்கடி வரும் வாசகம். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சிரை ரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமார் 70 சதவீதம் நிறைந்திருக்கும். 200 மில்லியை எடுத்து முழுதாக நிரப்பினால் கூடுதலாக ஏறுவது ஏறத்தாழ 12 மில்லி ஆக்சிஜன். பிளாஸ்மாவில் கரைவதையும் சேர்த்தால் 16 மில்லி வரலாம். உடல் சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. ஆக, அத்தனை ஏற்பாடும் சேர்ந்து தருவது நான்கு விநாடிச் செலவுக்குத்தான் காணும். கால் மடலின் நுனிக்கு அதில் எவ்வளவு போய்ச் சேரும்?

எனவே ஓசோனுக்குப் பயன் இருந்தால் அது வேறு வழியில்தான் இருக்க வேண்டும். போச்சி முன்வைத்த விளக்கம் இது: ஓசோன் ரத்தத்தைத் தொட்டவுடனே கொழுப்பு அமிலங்களோடும் யூரிக் அமிலம், வைட்டமின் சி போன்றவற்றோடும் வினைபுரிந்து காணாமல் போகிறது. மிஞ்சுவது ஹைட்ரஜன் பெராக்சைடும் கொழுப்பு ஆக்சிஜனேற்ற விளைபொருள்களும். இவை சிறு அளவில் செல்களைச் சீண்டும். என்.ஆர்.எஃப்-2 என்ற மரபணுச் சாவியைத் திருப்பிவிடும். அதன்பின் செல்லே சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் போன்ற தற்காப்புப் பொருள்களைக் கூடுதலாகச் சுரக்கும். மறுஓட்டச் சேதத்தை எதிர்கொள்ள இவைதான் வேண்டும். அம்மைத் தடுப்பூசி எப்படிச் சிறு சீண்டலால் பெரிய தாக்குதலுக்கு உடலைத் தயார்ப்படுத்துகிறதோ, ஏறக்குறைய அப்படி. ஹவானா குழு 1998இல் இதற்கு ஒரு முன்னோடிச் சோதனையை வெளியிட்டது. எலிகளுக்கு முன்கூட்டியே பல தடவை ஓசோன் கொடுத்துவிட்டு, கல்லீரலைச் சிதைக்கும் கார்பன் டெட்ராகுளோரைடைச் செலுத்தினார்கள். சேதம் குறைந்திருந்தது.

இந்த விளக்கம் சரியென்று வைத்துக்கொண்டால் இரண்டு முடிவுகள் தாமாகவே பின்தொடரும். ஒன்று, அளவு. ஓசோன் குறைந்தால் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களே அதை விழுங்கிவிடும், கூடினால் சிவப்பணு உடையும். இரண்டு, நேரம். செல்கள் தற்காப்பைச் சுரந்து சேர்க்க மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். அப்படியானால் ஓசோனைக் கொடுக்க ஏற்ற வேளை அறுவைக்கு முன்புதான். திட்டமிட்டுச் செய்யும் அறுவையில் அதற்கு அவகாசம் உண்டு. நள்ளிரவில் ஆம்புலன்ஸில் வந்திறங்கும் கால் காயத்துக்கு அந்த அவகாசமே இல்லை.

எலி முதுகில் கண்டதும் காணாததும்

மடல் பற்றிய ஓசோன் சான்று பெரும்பாலும் எலியிடமிருந்து வருகிறது. 1965இல் மெக்ஃபார்லேன் குழு வகுத்த மாதிரிதான் இதற்கு அடிப்படை. எலியின் முதுகில் சுமார் 3 சென்டிமீட்டர் அகலம், 9 அல்லது 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு மூன்று பக்கம் வெட்டித் தோலைத் தூக்கி, அதே இடத்தில் திரும்பத் தைக்கிறார்கள். ஏழாம் நாள் கருத்த பகுதியையும் பிழைத்த பகுதியையும் அளக்கிறார்கள். நுனி கருகும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால், எந்த மருந்து கருகலைக் குறைக்கிறது என்று ஒப்பிடுவது எளிது.

இம்மாதிரியில் ஓசோன் பெற்ற எலிகளுக்குக் கருகிய பரப்பு குறைந்ததாகவும், ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளமான மலோன்டயால்டிஹைடு தாழ்ந்ததாகவும், தற்காப்பு நொதிகள் உயர்ந்ததாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. மேலே சொன்ன விளக்கத்தோடு இது பொருந்துகிறது. ஆகவே ஓசோன் வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில் தடைகள் நிறைய. எலியின் தோல் தளர்வானது, அடியில் மனிதரிடம் பெரும்பாலும் இல்லாத மெல்லிய தசைப்படலம் உண்டு. மனிதத் தோலுக்கு நெருங்கியது பன்றித் தோல். எலியில் மடலைத் தூக்கிய இடத்திலேயே திரும்பத் தைப்பதால் அடித்தளத்திலிருந்தும் ஊட்டம் கிடைத்துவிடும். இடையே சிலிகான் தகடு வைத்தால்தான் அது தடுபடும். வெற்று எலும்பின் மேல் போர்த்திய மடலுக்கு அந்த அடித்தள உதவி கிடைக்காது. எலிச் சோதனைகளில் ஓசோனைப் பெரும்பாலும் வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்துகிறார்கள். மனிதருக்கு அப்படிச் செய்வதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம் ஒப்பீட்டுக் குழு. கலவையில் 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் இருக்கும்போது, ஆக்சிஜன் மட்டும் பெற்ற குழு ஒன்று இல்லாமல் பலனை ஓசோன் கணக்கில் எழுத முடியாது.

இதே எலி முதுகில் சில்டெனாஃபில், பென்டாக்சிஃபிலின், போட்டுலினம் நச்சு, வைட்டமின் ஈ என்று எத்தனையோ பொருள்கள் வென்றிருக்கின்றன. மடல் காக்க வார்டில் அன்றாடம் கொடுக்கும் மருந்தாக அவற்றில் எதுவும் நிலைபெறவில்லை. எலியில் வென்றது என்பது அடுத்த சோதனைக்குப் போக ஓர் அனுமதிச் சீட்டு மட்டுமே.

மனிதரிடம் கிடைக்கும் அருகாமைச் சான்று

மனிதரில் மடலுக்கு மிக அருகே வரும் சான்று சர்க்கரை நோயாளியின் கால்புண்ணில் இருக்கிறது. அங்கேயும் நுண்குழாய்ப் பட்டினிதான் அடிப்படை. 2005இல் கியூபாவில் 101 நோயாளிகளிடம் ஓசோனையும் ஆன்டிபயாட்டிக்கையும் ஒப்பிட்ட ஆய்வு ஓசோனுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் அது கண்மறைத்த சோதனை அல்ல. 2011இல் இஸ்ரேலில் 61 நோயாளிகளிடம் இருதரப்பும் அறியாதவாறு நடந்த சோதனை அதைவிடக் கறாரானது. சேர்ந்த அனைவரையும் கணக்கில் கொண்டால் புண் முழுதும் மூடியது ஓசோன் குழுவில் 41 சதவீதம், போலிச் சிகிச்சைக் குழுவில் 33 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. சிகிச்சையை முழுமையாக முடித்தவர்களை மட்டும் எடுத்தால் 81க்கு 44 என்று மாறுகிறது. விளம்பரத்துக்குப் போவது இந்த இரண்டாவது எண். சோதனையை நடுவில் விட்டுப்போனவர்களை ஒதுக்கினால் எந்தச் சிகிச்சையும் அழகாகத் தெரியும் என்பதால், புள்ளியியலாளர் முதல் எண்ணையே நம்புவார். 2015இல், சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு மூன்று சோதனைகளை, மொத்தம் 212 நோயாளிகளை எடுத்துப் பார்த்து, உறுதியான முடிவுக்குச் சான்று போதாது என்றது.

பக்கத்தில் நிற்கும் மற்ற வழிகள்

ஓசோனைத் தனியாக எடைபோடாமல் மற்ற வழிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மிகப் பழையதும் நம்பகமானதும் ‘டிலே’ முறை. மடலை ஒரேயடியாகத் தூக்காமல், முதலில் ஓரங்களை வெட்டிவிட்டு, ஓரிரு வாரம் கழித்துத் தூக்குவது. இணைப்புக் குழாய்கள் அதற்குள் விரிந்துகொள்ளும். உயரழுத்த ஆக்சிஜன் அறையில் 2 முதல் 2.5 வளிமண்டல அழுத்தத்தில் 90 நிமிடம் வரை சுவாசித்தால் பிளாஸ்மாவிலேயே ஆக்சிஜன் ஏராளமாகக் கரையும். இங்கே ஆக்சிஜன் ஊட்டம் என்ற சொல் பொருந்தும். ஆபத்துக்குள்ளான மடல் அச்சிகிச்சைக்கு ஏற்கப்பட்ட காரணங்களில் ஒன்று. ரத்தம் வெளியேற வழியில்லாமல் மடல் ஊதாவானால், தையல் சரிசெய்ய முடியாத இடத்தில் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியை விடுவார்கள். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2004இல் மருத்துவ அட்டைக்கு அனுமதி அளித்தது. அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் கிருமிக்கு முன்தடுப்பாக ஆன்டிபயாட்டிக் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மருந்துகளில் கவனிக்க வேண்டியது நைட்ரோகிளிசரின் களிம்பு. 2015இல் வெளியான கனடா ஆய்வில், மார்பகத்தை அகற்றி உடனே மறுசீரமைப்பு செய்த 165 பெண்களுக்குத் தோல் மடல்மேல் அதையோ போலிக் களிம்பையோ பூசினார்கள். கருகியது 33.8 சதவீதத்திலிருந்து 15.3 ஆகக் குறைந்தது. மலிவான களிம்பு, ஒரே வகை மடல், மறைக்கப்பட்ட ஒப்பீடு. ஓசோன் தாண்ட வேண்டிய உயரம் இதுதான். இதைவிட மலிவான வழியும் உண்டு: அறுவைக்கு நான்கு வாரம் முன்பே பீடி சிகரெட்டை நிறுத்துவது. நிகோட்டின் நுண்குழாயைச் சுருக்கும்.

ஆபத்தும் சட்டமும்

ஓசோன் நுரையீரலுக்கு நஞ்சு. பைக்குள் அடைத்துக் கொடுக்கும்போது கசிந்தால் நோயாளியும் செவிலியரும் சேர்ந்தே சுவாசிப்பார்கள். வாயுவை நேரடியாகச் சிரைக்குள் ஏற்றினால் குமிழி அடைத்து உயிர் போகலாம். ஓசோன் மருத்துவர்களே 2010இல் வெளியிட்ட மாட்ரிட் பிரகடனமும் இதைக் கூடாது என்கிறது. ஜி-6-பி-டி நொதிக் குறைபாடு உள்ளவருக்குச் சிவப்பணுக்கள் உடையும் என்பதால் முன்கூட்டிய பரிசோதனை அவசியம். ஓசோன் நச்சு வாயு, அதற்கு அறியப்பட்ட மருத்துவப் பயன் எதுவும் இல்லை என்பது அமெரிக்க எஃப்.டி.ஏ. விதிகளில் எழுதப்பட்ட நிலை.

மடல் நோயாளிக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. வெளியே எடுத்த ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்தால், அது திரும்ப உடலுக்குள் போய், மடலின் அடியில் ரத்தம் கட்டும் வாய்ப்பைக் கூட்டக்கூடும். காலைச் சுற்றிப் பையை இறுக்கினால் சிரை அமுங்கும். பைக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மடலின் நிறத்தையும் சூட்டையும் பார்க்க முடியாது. முதல் 48 மணி நேரத்தில் அந்தக் கண்காணிப்பை இழப்பது எந்த வாயுவாலும் ஈடுகட்ட முடியாத நட்டம்.

எப்படிப்பட்ட சோதனை வேண்டும்?

மேலே பார்த்தவற்றைக் கூட்டினால் ஓசோனுக்குரிய இடம் குறுகலாகத் தெரிகிறது: திட்டமிட்ட அறுவை, குழாய்ச் சிக்கல் இல்லாத மடல், பட்டினி கிடக்கும் நுனி. எனவே சோதனையும் அந்த இடத்தில்தான் நடக்க வேண்டும். மார்பகத் தோல் மடலோ, சர்க்கரை நோயாளிக்குத் திட்டமிட்டுச் செய்யும் கால் மடலோ, ஏதேனும் ஒரே வகையை எடுத்துக்கொள்ளலாம். குழுக்கள் மூன்று: வழக்கமான கவனிப்பு மட்டும், அந்தக் கவனிப்போடு ஆக்சிஜன், அந்தக் கவனிப்போடு ஓசோன் கலந்த ஆக்சிஜன். கொடுக்கும் நாட்கள் அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டும். அறுவை மேசையிலேயே இண்டோசயனின் பச்சைச் சாயத்தைச் செலுத்தி நுனியின் ரத்த ஓட்டத்தைப் பதிவு செய்தால், தொடக்கத்தில் எல்லோரும் சமமா என்று தெரியும். கருகிய பரப்பை அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. சோதனையை முன்கூட்டியே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் சேர்த்து, பலன் வந்தாலும் வராவிட்டாலும் வெளியிட வேண்டும். அளக்க வேண்டியது நொதிகளை மட்டுமல்ல. எத்தனை பேர் மீண்டும் தியேட்டருக்குப் போனார்கள் என்பதே நோயாளிக்கு முக்கியம்.

அப்படியொரு சோதனை ஓசோனுக்குச் சாதகமாக முடியும்வரை, அது ஆய்வுக்குத் தகுந்த கருதுகோள், விலை கொடுத்து வாங்கத் தகுந்த சிகிச்சை அல்ல. மடலுக்கு ஓசோன் தரலாம் என்று யாராவது சொன்னால் நோயாளியின் வீட்டார் மூன்று கேள்விகள் கேட்கலாம். ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்துவிட்டீர்களா? ஜி-6-பி-டி பரிசோதனை ஆயிற்றா? இது பதிவு செய்த ஆய்வின் பகுதியா, அல்லது பில்லில் சேரும் கூடுதல் கட்டணமா? முதல் கேள்விக்கு ஆம் என்ற பதில் வராவிட்டால் அடுத்த இரண்டைக் கேட்க நேரமில்லை. அறுவை செய்த மருத்துவரைத்தான் உடனே அழைக்க வேண்டும்.